நிரலில் எழுதாத மென்பொருள்

கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய வங்கி நிரல்களைப் பராமரிப்பது என் வேலை. சில கிளைகளைத் தலைமையகக் கணினியோடு நேரடி இணைப்புக்கு மாற்றும்போது, வட்டிக் கணக்கில் ஒரு நிபந்தனை கண்ணில் பட்டது. அந்தக் கிளைகளுக்கு மட்டும், வரவு பதிவான தேதியிலிருந்து ஒரு நாளைக் கழித்துக்கொள்ளும். அது என்ன செய்கிறது என்று குழுவில் எல்லோராலும் சொல்ல முடிந்தது. ஏன் என்று கேட்டால் பதிலில்லை.

ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அந்த ஊர்களின் வவுச்சர்கள் மறுநாள் காலை பஸ்ஸில்தான் தலைமையகம் வந்து சேருமாம். வந்த பிறகுதான் பதிவாகும். "பணம் கட்டியவருக்கு ஒரு நாள் வட்டி போய்விடக் கூடாது அல்லவா, தம்பி" என்றார். இனி பஸ்ஸுக்கு வேலையில்லை. நிபந்தனையை அப்படியே விட்டிருந்தால், இல்லாத நாளுக்கும் வட்டி சேர்ந்துகொண்டே போயிருக்கும்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிச் சுமார் 40 வினாடிகளில் சிதறியதும் இந்த வகைதான். ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரலையே அதிலும் வைத்திருந்தார்கள். கிடைமட்ட வேகம் சார்ந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கும் இடம் அதில் உண்டு. 32,767-க்கு மேல் கொள்ளாது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு வளராது என்று கணித்து, பாதுகாப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை வேறு. எண் எல்லையைத் தாண்டியது, வழிகாட்டும் கணினி நின்றுபோனது.

நிரல் மாறவில்லை, உலகம் மாறியது. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் அறிவு மனிதர்களிடம்தான் இருக்கிறது. டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர், 1985-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தீர்க்கமாகச் சொன்னார்: நிரலாக்கம் என்பது மனத்தில் ஒரு கோட்பாட்டைக் கட்டுவது, அதை உடைய குழு கலைந்துவிட்டால் நிரல் இறந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இறந்தது என்பது மிகை என்று முதலில் நினைத்தேன். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஆனாலும் நிறுவனங்களில் பணி ஒப்படைப்பு என்றால் கோப்புகளை அனுப்பி, கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இது பெரிய ஆற்றாமை. போகிறவரும் வருகிறவரும் ஒரே பிழையைச் சேர்ந்து உட்கார்ந்து திருத்த வேண்டும். "இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்ற கேள்வி அங்கேதான் தானாக வரும். எங்கள் குழுவில் அதற்கான நாட்களைத் திட்டத்திலேயே கேட்டு வாங்குகிறேன்.