கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

வைக்கோலில் இருந்து எத்தனால் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் ஆலை, மானியம், பெட்ரோல் கலப்பு என்று போய்விடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் எல்வின் ரீஸ், அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த நுண்ணுயிர் ஆய்வாளர். அந்த ஆய்வகம் தொடங்கியதற்கும் எரிபொருளுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளில் இருந்த படைகளுக்கு ஒரு விசித்திரமான தொல்லை. பருத்திக் கூடாரம், சீருடை, பெல்ட் எல்லாம் அந்த ஈரப் புழுக்கத்தில் மளமளவென்று மக்கிப் போயின. ஏன் மக்குகிறது, எப்படித் தடுப்பது என்று பார்க்க ராணுவம் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சேகரித்தது, அதில் பூகன்வில் தீவில் ஒரு கூடாரத் துணியில் இருந்து கிடைத்த ஒன்றுக்கு கியூஎம் 6ஏ என்று எண் போட்டு வைத்தார்கள். பருத்தி, வைக்கோல் எல்லாவற்றுக்கும் நாராக இருக்கும் செல்லுலோஸைத் தின்பதில் அது பெரிய கெட்டிக்காரன். பிற்பாடு, 1977இல், ரீஸை கௌரவிக்க அதற்கு டிரைகோடெர்மா ரீசெய் என்று பெயர் வைத்தார்கள்.

செல்லுலோஸும் அரிசி மாவில் இருக்கும் ஸ்டார்ச்சும் ஒரே குளுக்கோஸால் ஆனவைதான், ஆனால் கோத்திருக்கும் விதம் வேறு. செல்லுலோஸ் சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி அடுக்கி, பல இடங்களில் படிகம் மாதிரி இறுகிக் கிடப்பதால் அதை வெட்ட வேண்டிய நொதி (என்சைம்) உள்ளே நுழையவே முடியாது, போதாததற்குச் சுற்றிலும் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று காவல் வேறு. 1950இல் ரீஸும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கருத்தைச் சொன்னார்கள்: முதலில் ஏதோ ஒன்று இந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அப்புறம்தான் மற்ற நொதிகள் சங்கிலியை வெட்டுகின்றன. வெட்டும் நொதிகள் வரிசையாகப் பிடிபட்டன. அந்தத் தளர்த்தும் ஆள் மட்டும் பல பத்தாண்டுகள் சிக்கவே இல்லை. 2010ஐ ஒட்டித்தான், படிகப் பரப்பை ஆக்சிஜனேற்றம் மூலம் உடைக்கிற, செம்பு அணு கொண்ட ஒரு நொதி வகை தெளிவாகத் தெரிய வந்தது. ரீஸ் நினைத்தது அப்படியே இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் மனிதர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு காட்சி தலைகீழாகிவிட்டது. விரட்டப் பார்த்த பூஞ்சையை இப்போது, செல்லுலோஸில் இருந்து குளுக்கோஸும் அதிலிருந்து எத்தனாலும் எடுக்கலாம் என்று, வளர்க்க ஆரம்பித்தார்கள். மாசசூசெட்ஸில் நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் ரீஸுடன் வேலை செய்த மேரி மேண்டல்ஸ், பழைய செய்தித்தாளை அரைத்து இந்தப் பூஞ்சையின் நொதியால் குளுக்கோஸ் ஆக்கிப் பார்த்தார். கதிர்வீச்சு கொடுத்து அதிக நொதி சுரக்கும் ரகங்களையும் உருவாக்கினார்கள். (எரிபொருளுக்கு முன்பே இதில் காசு பார்த்தது துணித்தொழில்தான். ஜீன்ஸைக் கல் போட்டுத் துவைத்த மாதிரி வெளுக்க வைப்பதும், திருப்பூரில் பயோவாஷ் என்று சொல்லி டிஷர்ட்டில் பிசிறு எடுப்பதும் செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் என்ற நொதியின் வேலைதான்.)

அப்படியானால் எத்தனால் ஏன் ஆறாய் ஓடவில்லை? என் பார்வையில் நொதியைவிடப் பெரிய சிக்கல் தட்டையும் வைக்கோலும்தான். அமெரிக்காவின் அயோவாவில் டூபான்ட் நிறுவனம் 2015இல் மக்காச்சோளத் தட்டைக்கென்று திறந்த பெரிய எத்தனால் ஆலை 2017இலேயே நின்றுபோனது. அறுவடை முடிந்த சில வாரத்துக்குள் ஒரு வருடத்துக்கான தட்டையைக் கட்டிச் சேர்க்கணும், மழையில் நனையாமல், தீப்பிடிக்காமல் காக்கணும், அதோடு வரும் மண்ணும் கல்லும் இயந்திரத்தை அரிக்கும். ஆய்வகத்தில் கழுவிப் பொடித்து வைத்த மாதிரி எடுத்துக்கொண்டு செய்யும்போது இதெல்லாம் கண்ணில் படாது. அப்புறம், 100 கிலோ குளுக்கோஸை ஈஸ்ட் போட்டு நொதிக்க வைத்தால் கணக்குப்படி அதிகபட்சம் 51 கிலோதான் எத்தனால், மிச்சம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், அதை எந்த ஈஸ்டாலும் மாற்ற முடியாது.

2022 ஆகஸ்டில் பானிபட்டில் திறந்த இந்தியன் ஆயில் ஆலைக்கும் இதே கணக்குதான். வருடம் 2 லட்சம் டன் நெல் வைக்கோலில் இருந்து சுமார் 3 கோடி லிட்டர் என்பது திட்டம், அதாவது டன்னுக்கு 150 லிட்டர். அந்த எண்ணைவிட, பக்கத்து வயல்களில் வைக்கோலைக் கொளுத்தாமல் கட்டிக் கொடுக்கும் விவசாயிக்கு டன்னுக்கு என்ன கைக்கு வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.