லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம்

கோயம்புத்தூரில் ட்ரோன் சர்வீஸ் செய்யும் ஒரு சின்னக் கடையில் எனக்கு வேலை. கல்யாண வீடியோக்காரர்களின் ரெடிமேட் ட்ரோன்கள் ஒரு பக்கம் வந்து போகும். என் மேஜைக்கு வருபவை வேறு ரகம். கல்லூரிப் பையன்கள் ப்ராஜெக்டுக்காகக் கட்டியவை, வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காகப் பூட்டியவை. எஃப்450 ஃப்ரேம் (நான்கு ஆர்ம், அதாவது கைகள் உள்ள சட்டம்), 2212 மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, பத்து அங்குல ப்ராப் (சுழலும் இறக்கை), மூன்று செல் லிப்போ பேட்டரி. வண்டிக்கு மூளையான போர்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், மற்றபடி பெரும்பாலும் இதே கூட்டணிதான்.

புகாரும் அநேகமாக ஒன்றுதான். "அண்ணா, மேல ஏறுதுங்ணா, ஆனா ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது." கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "பிஐடி எல்லாம் மாத்திப் பாத்துட்டோம்." வண்டி ஆடினால் போர்டு எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் எண்கள்தான் பிஐடி. அதை மாற்றினோம் என்று கேட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். முதலில் என்ன மதிப்பு இருந்தது என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. எல்லாவற்றையும் பழையபடி டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வேலையையே தொடங்க முடியும்.

ஏன் எல்லாரும் பிஐடியில் போய் நிற்கிறார்கள் என்றால், அது சுலபம். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கையில் கிரீஸ் படாது, திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் நிற்காத ட்ரோன்களில் எண்ணால் வந்த கோளாறு குறைவு. ஆர்ம், ஸ்க்ரூ, ப்ராப், சால்டரிங் என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில்தான் பெரும்பாலும் வினை இருக்கும்.

நான்கு ப்ராப் வைத்த வண்டி தானாக ஒருபோதும் நிற்காது. பிக்ஸ்ஹாக் போர்டில் ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடினால் விநாடிக்கு 400 முறை, சுழற்சியை அளக்கும் ஜைரோவைப் பார்த்து மோட்டார்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ஓர் ஆர்ம் கோணலாக இருந்தால் அது புகார் சொல்லாது. மற்ற மோட்டார்களின் தலையில் பாரத்தைப் போட்டுச் சமாளிக்கும். ஒருவன் வாங்கிய கடனுக்கு மற்றவர்கள் வட்டி கட்டும் குடும்பம் மாதிரி. கட்ட முடியாத நாளில்தான் விஷயம் தெருவுக்கு வரும். ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கோளாறு பழையது என்று அர்த்தம். போர்டு நல்லதாக இருந்தால் அது இன்னும் அதிக நாள் மறைத்து வைக்கும்.

சென்ற ப்ராஜெக்ட் சீசனில் ஒரு பையன் கொண்டுவந்த எஃப்450 இதற்குச் சரியான உதாரணம். முதல் இரண்டு மூன்று நிமிடம் அழகாக நிற்கிறது. அப்புறம் மூக்கு மெல்லத் திரும்பத் தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சரிகிறது. பேட்டரிதான் காரணம் என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தான். கூடுதலாக ஒரு நிமிடம் நின்றது, அவ்வளவுதான்.

ப்ராப் நான்கையும் கழற்றிவிட்டு, அதன் பிறகே பேட்டரியை மாட்டினேன். மேஜையில் இதை மீறுகிற யாரோடும் நான் வேலை செய்ய மாட்டேன். பறக்கும்போது போர்டு எழுதி வைக்கும் பதிவான லாகை இறக்கி, மோட்டார்களுக்குப் போன கட்டளைகளை மட்டும் பார்த்தேன். ஆர்டுபைலட்டின் எக்ஸ் அமைப்பில் முன் வலதும் பின் இடதும் 1, 2. இவை இரண்டும் இடஞ்சுழி. முன் இடதும் பின் வலதும் 3, 4; வலஞ்சுழி. கட்டளை 1000இலிருந்து 2000 வரை போகும். பையனின் லாகில் 1, 2 இரண்டும் 1700ஐத் தாண்டி நின்றன. 3, 4 இரண்டும் 1450 பக்கம். பேட்டரி ஒரு பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் இடது ஜோடியோ வலது ஜோடியோ, முன்னதோ பின்னதோ சேர்ந்து உயரும். இங்கே உயர்ந்தது மூலைவிட்ட ஜோடி. அதாவது எதுவோ வண்டியை விடாமல் ஒரே பக்கம் திருகிக்கொண்டிருக்கிறது. போர்டு அதை எதிர்த் திசையில் திருகி மூக்கை நேராக வைக்கிறது. பேட்டரி இறங்க இறங்க நான்கும் மேலே ஏற வேண்டும். ஏற்கெனவே மேலே இருக்கும் ஜோடிக்கு ஏற இடமில்லை. அந்த நிலையில் மென்பொருள் சாய்வைக் காப்பாற்றுவதற்குத்தான் முன்னுரிமை கொடுக்கும், திரும்புவதை விட்டுக்கொடுக்கும். அதனால்தான் முதலில் மூக்கு போனது.

லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்கேலை எடுத்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ப்ராப்பைத் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றையும் ஆர்முக்குக் குறுக்காகத் திருப்பி வைத்து, இரண்டு முனைகளும் மேஜையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். மூன்று ஆர்ம்களில் இரண்டு முனையும் சமம். நான்காவதில் ஒரு முனை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பத்து அங்குல ப்ராப்பில் அது கிட்டத்தட்ட மூன்று டிகிரி சாய்வு. மூன்று டிகிரி என்றால் அந்த மோட்டாரின் விசையில் ஐந்து சதவீதம் பக்கவாட்டில் போகிறது. அதுவும் 22 சென்டிமீட்டர் ஆர்மின் நுனியில் இருந்துகொண்டு. வண்டியைத் திருக அது தாராளம்.

ஆர்மைக் கழற்றியதும் கதை தெரிந்தது. எப்போதோ விழுந்து அடிப்பகுதியில் விரிசல் விட்டிருக்கிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும்போது லேசாக முறுக்கிக்கொண்டு இறுகிவிட்டது. புதுப் பேட்டரி வாங்கிய காசில் ஒரு டஜன் ஆர்ம் வாங்கியிருக்கலாம். வேறு ஆர்ம் போட்டு, எந்த எண்ணையும் தொடாமல் பறக்கவிட்டோம். நான்கு மோட்டார் கோடுகளும் லாகில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்தன. பையன் என்னைவிட்டு அந்த வரைபடத்தைத்தான் ஃபோட்டோ எடுத்துக்கொண்டான், ரிப்போர்ட்டில் போட.

ப்ராப் பேலன்ஸ் செய்வதை நிறையப் பேர் சடங்கு என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள். நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும் ப்ராப்பில், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி 0.1 கிராம் எடை அதிகம் இருந்தால், அது மோட்டாரை வெளிப்பக்கம் இழுக்கும் விசை கால் கிலோவுக்கு மேல். அதுவும் விநாடிக்கு எண்பது தடவைக்கு மேல் திசை மாறி மாறி. அந்த உதறல் நேராகப் போர்டுக்குப் போய், முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைக் குழப்பும். உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆல்ட் ஹோல்ட் மோடில் போட்டால் வண்டி காரணமே இல்லாமல் மேலே ஏறும். லாகில் அதிர்வு 30க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 60ஐத் தாண்டினால் பறக்கவே விட வேண்டாம். எடை குறைந்த இறக்கையில் துளி டேப் ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஈஎஸ்சி காலிபரேஷன் செய்யாதது, புல்லட் கனெக்டரில் ஈயம் சரியாகப் பிடிக்காதது, ப்ராப் நட் இறுகாதது, ப்ராப்பைத் தலைகீழாக மாட்டியது எல்லாம் தினசரி வரவு. இவற்றில் எழுத ஒன்றுமில்லை. பார்த்தால் தெரியும், பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தில் தானாக நிற்க வேண்டிய லாய்ட்டர் மோடில் போட்டதும் வட்டமடிக்கத் தொடங்கி, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் அது காம்பஸ். இந்தக் கோளாறு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அந்தரத்தில் நிற்கும்போது எஃப்450 இழுக்கும் மின்சாரம் 15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒற்றை வயரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் உண்டாகும் புலம் 60 மைக்ரோடெஸ்லா. பேட்டரி வயர் பக்கத்திலேயே காம்பஸை ஒட்டிவிட்டு, அது வடக்கைக் காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டால் எப்படி? சிவப்பையும் கறுப்பையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் போகும் மின்சாரத்தின் புலமும் திரும்பி வரும் மின்சாரத்தின் புலமும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். காம்பஸ் உள்ள ஜிபிஎஸ் மாட்யூலைக் கம்பம் வைத்து உயர்த்திவிட்டால் மீதியும் தீரும்.

உயரம் மட்டும் ஏறி இறங்கினால் பாரோமீட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் காற்றழுத்தம் மாறுவது வெறும் 12 பாஸ்கல். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று முகத்தில் மோதினாலே 15 பாஸ்கல் அழுத்தம் வரும். மூடி இல்லாத போர்டுக்குக் காற்று எது, உயரம் எது என்று எப்படித் தெரியும்? ஏபிஎம் 2.8 போன்ற பழைய போர்டுகளில் உள்ள சென்சாருக்கு வெயில் பட்டாலும் கணக்குத் தப்பும். கறுப்பு ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வைத்து மூடினால் இரண்டுக்கும் மருந்து.

இதெல்லாம் கோளாறு உள்ளவை. கோளாறே இல்லாமல் வருபவைதான் எனக்குத் தலைவலி. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மியே பறக்கும் என்பார்கள். ஒன்றரைக் கிலோ ட்ரோன் எம்மாத்திரம். அந்த மாதத்தில் ஒரு வங்கி அதிகாரி கேகே2 போர்டு போட்ட வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை எடுத்தால் நகர்ந்துவிடுகிறதாம். எல்லாவற்றையும் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. நம்பவில்லை.

காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் மைதானத்துக்கு வரச் சொன்னேன். தரையை ஒட்டிப் பறந்தால் ப்ராப் காற்றே திரும்பி வந்து ஆட்டும் என்பதால் தலைக்கு மேலே ஏற்றி நிறுத்தி, ஸ்டிக்கை விட்டுக் காட்டினேன். மெல்ல நகர்ந்தது. "பாத்தீங்களா?" என்றார்.

"சார், இந்த போர்டுக்கு எது மேல், எது கீழ்னு மட்டும்தான் தெரியும். எங்க இருக்கோம்னு தெரியாது. ஜிபிஎஸ்ஸும் இல்லை, பாரோவும் இல்லை. மட்டம் ஒரே ஒரு டிகிரி தப்பினாலும் அஞ்சு விநாடியில ரெண்டு மீட்டர் போயிரும், பத்து விநாடியில எட்டு மீட்டர்."

"அப்ப கடையில வாங்குற ட்ரோன் மட்டும் நிக்குதே?"

"அதுக்குக் கீழ பாக்குற கேமரா இருக்குங்க, ஜிபிஎஸ் இருக்கு. அது தன்னைத்தானே திருத்திக்குது. இதை நீங்க திருத்தணும்."

டிரான்ஸ்மிட்டரை வாங்கி, விரல் நுனியால் இப்படியும் அப்படியும் தட்டித் தட்டி ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஜிபிஎஸ் உள்ள போர்டு என்ன விலை என்று கேட்டு வந்தார். கம்பத்தையும் சேர்த்தே வாங்கச் சொன்னேன்.