தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று

ஜூன் 4

ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் எனக்கு 238, தம்பிக்கு 251. டாக்டர் அவன் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணை இரு விரலால் பிடித்துப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்தது. "இதுவும் கொழுப்புப் படிவுதான்" என்றார். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. செருப்பு உரசியதால் வந்த தடிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். 47 வயதில் மாரடைப்பில் போனார்.

ஜூன் 6

"வாயைக் கட்டு" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். தம்பி ஒல்லி, தினமும் ஓடுகிறவன். ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. எங்களுக்கு அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுது, அதனால் பிறந்ததிலிருந்தே எல்டிஎல் தேங்குகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறு இருக்கிறது. இத்தனை பேரையும் தீனிப்பண்டாரம் என்று ஏசுவது அநியாயம்.

ஜூன் 13

டயட்டீஷியனைப் பார்த்தோம். அச்சடித்த தாளை நீட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கேள்வியாகக் கேட்டார்: சமைப்பது யார், எத்தனை மணிக்குப் பசிக்கும், எதை விடவே முடியாது?

தம்பிக்கு இரவு ஷிஃப்ட். விடியற்காலை மூன்று மணிக்கு அவனுக்குக் கிடைப்பது பொரித்ததும் பிஸ்கட்டும்தான். அந்த ஒரு வேளைக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகச் சொன்னார். அவன் எடை குறையக் கூடாது என்பதால் பாதாம், வால்நட் சேர்த்தார். எனக்கு வெண்ணெயும் சீஸும்தான் பிரச்சினை. பதிலுக்கு எண்ணெய், ஓட்ஸ், பயறு. ஒரே மரபணு, இரண்டு திட்டம்.

அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: சாப்பாட்டால் எல்டிஎல் 10, 15 சதவீதம் குறையலாம், பாதியாகக் குறைய ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

ஜூன் 21

தம்பியின் சிகரெட். யாரும் அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. "முதல் சிகரெட் எப்போ?" என்று மட்டும் கேட்டார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் என்றான். தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையை அந்த நேரத்தை மனதில் வைத்தே திட்டமிட்டிருக்கிறார்கள். ரத்தக்குழாய் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது புகையும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். ஓட்டத்தைத் தொடரலாமா என்பதை ட்ரெட்மில் டெஸ்ட் பார்த்த பிறகுதான் சொன்னார்கள்.

ஜூலை 3

மகளுக்கு ஒன்பது வயது. எல்டிஎல் 174. என்னிடமிருந்து அவளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தெரிந்திருந்தும் தாளைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. எட்டு, பத்து வயதிலிருந்தே மருந்து தொடங்கலாமாம். அவளுக்கென்று தனித் தட்டு வைக்காதீர்கள், வீடு முழுக்க அதையே சாப்பிடுங்கள் என்றார் டயட்டீஷியன். பிறந்தநாள் விருந்தில் கேக் உண்டு.

ஆகஸ்ட் 9

எனக்கு 109. தம்பிக்கு 138, இன்னும் இறங்க வேண்டும் என்று எஸெடிமைப் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். "அக்கா, மாத்திரை கூடிடுச்சே, நான் சரியா சாப்பிடலையா?" என்றான். அப்படியில்லைடா என்று நெடுநேரம் பேசினேன்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "என் பிள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லைதான் சித்தப்பா என்றேன். வரும் வாரம் அவர்கள் மூவரும் ரத்தம் கொடுக்கிறார்கள்.