எடிட்ல போகவே இல்லை

திருப்பூர் பனியன் முதலாளிகளை உட்காரவைத்துத் தொழில் பேசும் பாட்காஸ்ட். மைக், ரெக்கார்டர் எல்லாம் ஒரே நாளில் வாங்கியாகிவிட்டது. எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதில்தான் ஒன்றரை மாதம் போனது.

முதலில் பார்த்தது ஒரு கோ-வொர்க்கிங் இடத்தின் மீட்டிங் ரூம். மூன்று பக்கமும் கண்ணாடி, கீழே டைல்ஸ். போட்டோவில் அமர்க்களம், ஹெட்போனில் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அடுத்து கோவையில் மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டை. அதைப் பார்த்ததுமே திரும்பியிருக்க வேண்டும், அட்டை எந்தச் சத்தத்தையும் தடுக்காது. மைக் ஸ்டாண்டைத் தேடிய நாற்பது நிமிடமும் நம் கணக்கில்தான் ஏறியது. தலைக்கு மேல் ஏசி இரைந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். "அதெல்லாம் எடிட்ல போயிடும் சார்" என்றார் ஸ்டூடியோ பையன். போகவில்லை. இரைச்சலை எடுக்க எடுக்க குரலும் கூடவே தேய்ந்து, தண்ணீருக்குள் பேசுவதுபோல ஆனது. வேலையை விட்டுவிட்டு 50 கிலோமீட்டர் வந்த சாயப்பட்டறைக்காரரை மறுபடி கூப்பிட எனக்கு முகமில்லை.

அவரேதான் போன் செய்தார். "நம்ம குடோனுக்கே வந்துருங்க தம்பி, அங்கயே பேசிக்கலாமுங்க."

போய் நடுவில் நின்று கையைத் தட்டினேன். சத்தம் அங்கேயே அடங்கிவிட்டது! கூரை வரைக்கும் துணி ரோல். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு அறை அமையாது. பக்கத்து நிட்டிங் மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனோம். டியூப்லைட் சோக் மட்டும் ரீங்காரமிட்டது, அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்தோம். ஸ்டூடியோவில் கேள்விக்கு ஒரு வரி பதில் சொன்ன மனிதர், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடிய கதையை இங்கே முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் சொன்னார்.

இடம் தேடுகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு, நீங்கள் பேசப்போகிற அதே நேரத்தில் போய், யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். கண்டென்சர் மைக், அதாவது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை, தெருவில் போகிற ஹாரனையும் சேர்த்து இழுக்கும். இந்த மாதிரி இடங்களுக்கு பக்கத்துக் குரலை மட்டும் அதிகம் பிடிக்கும் டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் போதும்.

ஸ்டூடியோவில் அடுத்த தேதிக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் இன்னும் வந்தபாடில்லை. கேட்டால், "சார் இன்னும் வரலைங்க" என்கிறார்கள்.