மோசல் கரையில் நாற்பது நாற்காலி

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஜெர்மனியில், மோசல் ஆற்றின் வளைவொன்றில், கோகெமுக்குச் சற்றுத் தள்ளி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் மொத்தமே நாற்பது நாற்காலிதான். நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த முறை போகும்போது எனக்கே இடமில்லாமல் போனால்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒயின் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பகுதியில், பளபளவென்று கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய ஒயின் மாளிகைக்கு நண்பர்களோடு போயிருந்தேன். கறுப்பு கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் கிளாஸில் இரண்டு மடக்கு ஊற்றிக் கொடுத்து, "என்ன வாசனை தெரிகிறது?" என்று கேட்டார். நான் "திராட்சை" என்றேன். மேஜையே சிரித்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று இருந்தேன்.

இந்த முறை நாங்கள் கிளம்பியது ஒயினுக்காக அல்ல, நடக்கத்தான். 2024 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை. நானும் மனைவியும் கோப்லென்ஸில் காலை ரயில் ஏறினோம். இந்தப் பாதையில் போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோகெம் வரை ஆறு கூடவே வரும். கோகெம் தாண்டியதும் ஒரு நீளமான சுரங்கம். ஆறு இருபது கிலோமீட்டருக்கு மேல் சோம்பலாகச் சுற்றிவரும் வளைவை, ரயில் மலையைக் குடைந்து நாலே கிலோமீட்டரில் கடந்துவிடுகிறது. வெளியே வந்தால் எதிரில் கால்மோன்ட் மலை. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் அதுதான் என்கிறார்கள். சில இடங்களில் சரிவு அறுபது பாகையைத் தாண்டுகிறது. தோட்டம் என்ற சொல்லே அதற்குப் பொருந்தவில்லை. சுவரில் கொடி நட்டது போல இருக்கிறது.

மூன்று மணி நேரம் நடந்து முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தபோதுதான், ஒரு சந்தில் அந்த வீட்டைப் பார்த்தோம். வாசலுக்கு மேலே இலையோடு ஒரு கொத்துக் கிளையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெயர்ப்பலகை எதுவும் இல்லை. "ஏங்க, இது திருஷ்டிக்குக் கட்டினதா?" என்றாள் மனைவி.

அது திருஷ்டிக்கு இல்லை. 'இன்று எங்கள் வீட்டில் ஒயின் உண்டு' என்பதற்கு அடையாளம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர். ஸ்ட்ராவுஸ் என்றால் கொத்து. திராட்சை பயிரிடும் குடும்பம், உணவக உரிமம் இல்லாமலே, தன் ஒயினைத் தன் வீட்டிலேயே ஊற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஆண்டுக்கு நாலு மாதம்தான், அதையும் இரண்டு தவணைக்கு மேல் பிரிக்கக் கூடாது. நாற்காலி நாற்பதைத் தாண்டக் கூடாது, சாப்பாடு எளிமையாக இருக்க வேண்டும், அடுத்தவர் ஒயினை விற்கக் கூடாது. சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன் சார்லமேன் பேரரசர் தொடங்கிவைத்த வழக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மையோ, கொத்து மட்டும் இன்னும் தொங்குகிறது.

உள்ளே போனால் முற்றமா வண்டி நிறுத்துமிடமா என்று சொல்ல முடியாத ஓர் இடம். நீளப் பெஞ்சுகள், ஒரு மூலையில் டிராக்டர் டயர். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு போட்டு '1993 டிசம்பர்' என்று எழுதியிருந்தது. அந்த வெள்ளத்தில் ஆறு அதுவரை ஏறி வந்ததாம். ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர் ஒருவர் வந்து, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு குலுக்கினார். அவர்தான் முதலாளி, தோட்டக்காரர், சரக்கு மாஸ்டர், பரிமாறுபவர் எல்லாம். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாராம். சமையற்கட்டில் அவர் மனைவி. மெனு ஒரே ஒரு தாள், பேனாவால் எழுதியது. அட்டை செல்லாது, ரொக்கம் மட்டும்.

என் மனைவி குடிப்பதில்லை. அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே ஒரு குவளை திராட்சைச் சாறு வந்தது, அதே தோட்டத்துப் பழம். பன்றி இறைச்சி சேர்க்காத தட்டு கிடைக்குமா என்று கேட்டதற்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி வந்தது. சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. பசிக்கு அமிர்தம்.

எனக்கு அவர் ஒயின்களை வரிசையாக ஊற்றினார். எல்லாமே ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. முதலில் இனிப்பில்லாதது, அப்புறம் இரண்டுங்கெட்டான், கடைசியில் இனிப்பு. முதல் மடக்கைக் குடித்துவிட்டு, இதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். எலுமிச்சை என்று சொல்லலாமா, பச்சை ஆப்பிள் என்று சொல்லலாமா? அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிடிச்சிருக்கா?"

"புளிக்குது."

"ஆமா, புளிக்கும்" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததை ஊற்றினார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

கூட்டம் குறைந்த நேரம். தோட்டத்தைப் பார்க்க வருகிறீர்களா, பழம் எப்படி இருக்கிறதென்று பார்க்க எப்படியும் போக வேண்டும் என்றார். முழங்காலை மறந்துவிட்டு எழுந்தோம்.

மேலே மண்ணே இல்லை. சிலேட்டுக் கல், வெறும் சிலேட்டுக் கல். நாம் பள்ளியில் எழுதிப் பழகிய அதே கறுப்புப் பலகை, உடைந்து உடைந்து கிடக்கிறது. காலை வைத்தால் சரசரவென்று கீழே ஓடுகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவைத்து ராத்திரி கொடிக்குத் திருப்பிக் கொடுப்பது இந்தக் கல்தான். இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரில் திராட்சை பழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மழையில் கீழே சரிந்துபோகும் கல்லை அந்தக் காலத்தில் முதுகில் கூடை கட்டி மறுபடி மேலே சுமப்பார்களாம். இப்போது சுமக்க ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று இருக்கிறது. சின்ன எஞ்சின், பின்னால் ஓர் இருக்கை, ஒரு பெட்டி. பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு சுவர் ஏறுவது போல ஏறுகிறது. மனைவியை உட்காரச் சொன்னார். அவள் கும்பிட்டுவிட்டாள்.

கம்பி வேலி, பந்தல் எதுவும் கிடையாது. கொடி ஒன்றுக்கு ஒரு கம்பு. இரண்டு கிளைகளையும் வளைத்துக் கட்டினால் இதய வடிவம் வருகிறது. அழகுக்காக இல்லை, நாலு பக்கமும் சுற்றி வந்து வேலை செய்யத்தான் என்றார். சரிவில் மேலே கீழே மட்டுமல்ல, குறுக்கிலும் நடக்கலாமே.

அவரிடம் இருப்பது ஒன்றரை ஹெக்டேர். அதுவும் ஒரே இடத்தில் இல்லை, பதினொரு துண்டு. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்ததில் அப்படி ஆகிவிட்டது. இந்தக் கதை நமக்கு விளக்கத் தேவையில்லை. பதினொன்றில் இரண்டு துண்டு அந்த ஆண்டு காலி. ஏப்ரல் கடைசியில் இரண்டு மூன்று ராத்திரி உறைபனி இறங்கி, துளிர்த்திருந்த மொட்டுகளையெல்லாம் கருக்கிவிட்டது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் செங்குத்தில் இருந்தது தப்பித்தது, வேலை செய்ய வசதியாகக் கீழே இருந்தது போயிற்று. "சுலபமா இருக்கிற நிலம்தான் எப்பவும் ஏமாத்தும்" என்றார். பக்கத்தில் சில துண்டுகளில் முள்ளும் புதரும் மண்டிக் கிடந்தன. மோசலில் 1990 வாக்கில் பன்னிரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் திராட்சை இருந்தது, இன்று ஒன்பதாயிரம்கூட இல்லை. விட்டுப் போனதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சரிவுகள்தான்.

சட்டைப்பையிலிருந்து பேனா அளவு குழாய் ஒன்றை எடுத்தார். ஒரு பழத்தை நசுக்கி, கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு கோடு, எண் 74. இந்த அளவுக்கு ஓக்ஸ்லே என்று பெயர், 19ஆம் நூற்றாண்டில் அதைப் பரப்பிய பொற்கொல்லரின் பெயர். கணக்கு எளிது: ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் அதிகம் கனக்கிறதோ அதுதான் எண். சர்க்கரை ஏற ஏற கனம் ஏறும். 76 தொட்டால் இந்தப் பழத்துக்கு 'ஸ்பேட்லேசே', அதாவது தாமத அறுவடை, என்று புட்டியில் எழுதும் தகுதி வந்துவிடும். "இன்னும் ரெண்டுதானே, நாளைக்கே பறிக்கலாமே" என்றேன். அவர் பழத்தைப் பிட்டு விதையைக் காட்டினார். பச்சை. "எண் பழுத்துடுச்சு, பழம் பழுக்கலை."

இறங்கி வந்ததும் நிலவறை. பத்துப் பன்னிரண்டு படி. சுவரெல்லாம் கறுப்புக் கம்பளி போர்த்தியது போல ஒரு பூஞ்சை. கழுவக் கூடாதா என்று மனைவி என் காதில் கேட்டாள். கழுவ மாட்டார்களாம். பீப்பாயிலிருந்து ஆவியாகும் சாராயத்தைத் தின்று வளர்வது அது. நிலவறை நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று பழைய ஆட்கள் கொண்டாடுகிறார்கள். ஆயிரம் லிட்டர் மரப்பீப்பாய் நாலு, மிச்சமெல்லாம் எஃகுத் தொட்டி. மோசல் ஒயின் சிலவற்றில் இனிப்பு எப்படி மிஞ்சுகிறது என்ற என் சந்தேகத்துக்கு அங்கே விடை கிடைத்தது. யாரும் சர்க்கரை போடுவதில்லை. முன்பெல்லாம் குளிர்காலத்தில் நிலவறை சில்லிட்டதும், சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும் ஈஸ்ட் தானாகவே தூங்கிப்போகும், பாதி சர்க்கரை தின்னப்படாமல் நின்றுவிடும். இப்போது அதையே தொட்டியைக் குளிர்வித்துச் செய்கிறார்கள். அதனால்தான் இனிப்பு ஒயினில் சாராயம் எட்டு ஒன்பது சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. குளிரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் சற்று வாடியது. கொடியிலேயே பழம் உறைய, பூஜ்யத்துக்குக் கீழே ஏழு பாகை வேண்டும். அப்படிப் பறிப்பதுதான் ஐஸ் ஒயின். 2019 விளைச்சலுக்கு அந்தக் குளிர் ஜெர்மனியில் எங்குமே வரவில்லை.

அப்புறம்தான் ஒரு மூலையிலிருந்து தூசி படிந்த புட்டி ஒன்றை எடுத்தார். 1994. சீட்டில் 'மோசல்-ஸார்-ரூவர்' என்று இந்த ஒயின் பகுதியின் பழைய பெயர். 2007இல் அதைச் சுருக்கி மோசல் என்று மட்டும் ஆக்கிவிட்டார்கள். தக்கையின் அடியில் கண்ணாடித் துகள் போல ஏதோ மின்னியது. கிளாஸை முகர்ந்தேன். சத்தியமாகப் பெட்ரோல். மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு மனைவியிடம் நீட்டினேன்.

"ஏங்க, மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது. கெட்டுப்போச்சு போல, குடிக்காதீங்க."

தமிழ் புரியாவிட்டாலும் முகம் புரியுமே. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவங்களுக்கு மூக்கு இருக்கு!" ரீஸ்லிங் வயதானால் அப்படித்தானாம். நல்ல வெயில் பட்ட பழத்தின் தோலில் இருப்பவை, ஆண்டுகள் போகப்போக மெல்ல மாறி, அந்த வாசனையாகத் திரளும். மின்னிய துகள் திராட்சையின் புளி உப்பு, கண்ணாடி அல்ல. பயந்துகொண்டே ஒரு மடக்கு குடித்தேன். பெட்ரோலுக்குப் பின்னால் தேன், அதற்குப் பின்னால் அதே பழைய புளிப்பு, முப்பது வருஷமாகியும் அடங்காமல். முதல் கிளாஸில் நான் புகார் சொன்னேனே, அந்தப் புளிப்புதான் இதை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மேலே வந்து உட்கார்ந்ததும் அவர் கையை நீட்டித் தன் முதல் பெயரைச் சொன்னார். ஜெர்மனில் அதற்கு அர்த்தம், இனி 'நீங்கள்' வேண்டாம், 'நீ' போதும் என்பது. பெரிய கௌரவம். ஆனால் அறுபத்தைந்து தாண்டிய மனிதரை எப்படி நீ என்று கூப்பிடுவது? நாக்கு புரளவில்லை. மிச்ச நேரம் முழுக்க முன்னிலையே வராத வாக்கியமாகப் பார்த்துப் பார்த்துப் பேசிச் சமாளித்தேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு புட்டி வாங்கினோம். ஒன்று ஏழரை யூரோ. அந்தச் சரிவில் நின்று பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த விலையைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. கூடுதலாக வைத்த நோட்டை அவர் திருப்பித் தந்துவிட்டார். 1994க்குக் காசு கேட்கவும் இல்லை, அது விற்பனைக்கும் இல்லை. பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு புட்டியை மட்டும் வெளியே எடுத்து, காதிலிருந்த பென்சிலால் சீட்டின் ஓரத்தில் ஏதோ எழுதி உள்ளே வைத்தார்.

ரயிலில் எடுத்துப் பார்த்தேன். '2034' என்று இருந்தது.

மற்ற ஐந்தும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டன. எங்கள் வீட்டில் நிலவறை கிடையாது. ஆறாவது இப்போது செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில், குளிர்கால பூட்ஸுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. இருப்பதிலேயே குளிர்ந்த இடம் அதுதான் என்று மனைவி வெப்பமானி வைத்துப் பார்த்துச் சொன்னாள்.