கவலை இல்லை, நினைப்புதான்

அந்த அம்மாளின் தாளில் இரண்டாவது கேள்விக்கு நேராக நான் இட்ட 0 சரிதானா என்பதை இன்றுவரை என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. படிக்கத் தெரியாத நோயாளிகளுக்குப் பதற்றத்தை அளக்கும் வினாத்தாளை வாசித்துக்காட்டி, அவர்கள் சொல்வதைக் குறிப்பது என் வேலை. 2006இல் வெளியான ஜிஏடி-7 என்னும் வினாத்தாளின் தமிழ் வடிவம் அது. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தொட்டால் மருத்துவர் விரிவாகப் பேசுவார்.

கடந்த இரண்டு வாரங்களில் கவலைப்படுவதை நிறுத்த முடியாமல் இருந்ததா என்று வாசித்தேன். "கவலையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. மஸ்கட்டுல இருக்கானே மகன், அவன் நெனப்புதான். உலை வச்சாலும் அவன் நெனப்பு, கண்ண மூடுனாலும் அவன் நெனப்பு" என்றார். கவலை இல்லையா என்று மறுபடியும் கேட்டேன். "அவன் என்ன குறை வச்சான், நான் கவலப்பட?" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார். 0 என்று குறித்தேன். எழுந்து போகும்போது, "நான் சொன்னத எழுதிக்கிட்டியாப்பா?" என்று கேட்டார். "எழுதிக்கிட்டேம்மா" என்றேன்.

கேள்வியின் சொல்லை மாற்றக் கூடாது, பதிலுக்கு நாமாகப் பொருள் கூட்டக் கூடாது என்றுதான் எங்களுக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆளாளுக்குத் தம் ஊர்ச் சொல்லைப் போட்டு வாசித்தால் ஒருவரின் மதிப்பெண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடவே முடியாது. மூன்றாவது கேள்வி பல விஷயங்களைப் பற்றிய மிகுந்த கவலையைக் கேட்கிறது. அவருக்கு இருந்ததோ ஒன்றே ஒன்று. மொத்தம் 4 வந்தது. இரண்டாவது கேள்விக்கு 3 இட்டிருந்தாலும் 7தான் ஆகியிருக்கும். இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் தனித்து நிற்கும் அந்த 3ஐக் கண்டு மருத்துவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடும் என்பது எந்தக் கூட்டலிலும் வருவதில்லை.

குறளின் முதல் அதிகாரத்திலேயே மனக்கவலை வந்துவிடுகிறது. அத்தனை பழைய சொல். கிளை பிரியும் வழிக்கும் கவலை என்று பெயர் இருந்திருக்கிறது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பது கவலை என்றால், அந்த அம்மாள் மறுத்தது சரியே. அவர் மனத்தில் கிளைவழி இல்லை, ஒரே தடம்தான். 'வேலையில் நினைப்பே இல்லை' என்கிறோம், 'உன் நினைப்பாகவே இருந்தேன்' என்கிறோம், 'நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்' என்றும் சொல்கிறோம். அன்பும் நோயும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடக்கும் சொல் அது. மகன்மீது வைத்த நினைப்பைக் கவலை என்று எழுதியிருந்தால் அவருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

ஆனால் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலைக்கும் கவலை என்ற பெயர் உண்டு. மாடுகள் சரிவில் இறங்கும், அதே தடத்தில் பின்னேறும், மறுபடியும் இறங்கும். அதை நினைக்கும்போது, அவர் சொன்னதும் கவலைதானோ என்று தோன்றிவிடுகிறது.

இப்போது எவராவது நினைப்பு என்று சொன்னால், மதிப்பெண்ணை மாற்றாமல், அந்தச் சொல்லை மட்டும் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். அந்த அம்மாளின் தாளில் ஓரம் வெறுமையாக இருக்கிறது.