பீட் சீகரின் பாஞ்சோ

காலையிலிருந்து வீட்டில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் குரல்தான். 1955இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிப்பிடித்து விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, எந்தக் கட்சி, யாருக்காகப் பாடினாய் என்று அவரைத் துருவியது. மனிதர் வாய் திறக்கவில்லை. வேண்டுமானால் பாட்டைப் பாடிக் காட்டுகிறேன் என்றார். ரசனையற்ற குழு, வேண்டாம் என்றுவிட்டது! பதில் சொல்ல மறுத்ததற்காக 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் ரத்தானது.

அவருடைய நண்பரும் பாடகருமான உடி கத்ரியின் கிதாரில் 'இந்த இயந்திரம் பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்றிருக்கும். சீகரோ, கிதார்போலத் தந்தி மீட்டும் தன் பாஞ்சோ வாத்தியத்தின் வட்டத் தோலில், 'இந்த இயந்திரம் வெறுப்பைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைக்கும்' என்று வட்டமாக எழுதிவைத்தார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அந்த பாஞ்சோவின் கழுத்தும் வழக்கத்தைவிட மூன்று மெட்டுக் கட்டை (fret) அளவு கூடுதல் நீளம். தன் குரலுக்கு வாகாக இருக்கட்டும் என்று அவரே நீட்டிக்கொண்டது.